ஒரு சாண் குச்சியின் நிழல்

மரம் வந்துவிட்டது, பிள்ளையைத்தான் இன்னும் காணோம், மணி ஒன்பதரை தாண்டிவிட்டதே என்று சிவரஞ்சனி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பயம் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பித் தேதியை எழுதினாள். கொழுஞ்சிவிடுதி நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில், ஜன்னல் திட்டின் மேல், பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டிலில் நட்டிருந்த கல்யாண முருங்கைக் குச்சியின் உயரம் ஒரு சாணும் இரண்டு விரலும். அதன் நிழல் மேற்குச் சுவரில் அடிமரமாக ஏறி, கூரையில் கிளைகளாக மடங்கி, ஒன்பது பெஞ்சுகளின் மேலும் இலை இலையாகக் கொட்டியது. ஜன்னலைச் சாத்தினாலும் விழுந்தது. மேகம் மூடினால் மங்கியது. அந்த மேகம் பள்ளிக்கு மேலே நிற்கும் மேகமல்ல, முக்கால் கிலோமீட்டர் தள்ளிக் கீழத்தெருவில் சேவுகன் வீட்டு வாசலில் நிற்கும் தாய்மரத்தின் மேல் நிற்கும் மேகம். ஒன்பது நாற்பதுக்குச் சுவரின் அடியில் ஒரு சிறிய நிழல் நடந்து வந்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. வகுப்பு முழுக்க மூச்சு விட்டது. சிவரஞ்சனி பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படித்தாள். கலைமதி என்றதும் சுவரில் ஒரு கை உயர்ந்தது. நிழலின் காதில் விழுந்தது வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு எப்படிக் கேட்கும் என்று பங்குனி பாதி கழிவதற்குள்ளாகவே எல்லோரும் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள். சிவரஞ்சனி நீல மையில் ஒரு கோடு போட்டாள். பிள்ளை வந்திருக்கிறது.

இது தை மாதத்தில் ஆரம்பித்தது. விதையில்லாமல் செடி வளர்ப்பது பற்றிய பாடம் வந்தபோது, புத்தகத்தில் இருந்த படம் மங்கலாக இருந்ததால், ஆளுக்கொரு குச்சி கொண்டுவரச் சொன்னாள் சிவரஞ்சனி. பென்சில் கனம், மூன்று கணு, கீழ்முனையில் சாய்த்து வெட்டு, மேல்முனை காயாமலிருக்க ஒரு சாணி உருண்டை. வீட்டில் கேட்டுவிட்டு ஒடியுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். அதைத்தான் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு வாங்கி வைத்த செடி பிடிக்காது, கேட்காமல் ஒடித்து வைத்ததுதான் பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு பிள்ளைகளும் விடிவதற்குள் எழுந்து, பெற்றவர்களுக்குத் தெரியாமல், தங்கள் வீட்டு மரத்திலேயே திருடினார்கள். முருங்கை, செம்பருத்தி, பூவரசு, நந்தியாவட்டை, கிளுவை என்று வந்து சேர்ந்த குச்சிகளைப் பார்த்து சிவரஞ்சனி சந்தோஷப்பட்டாள். ஆணியைச் சுட்டுப் பாட்டில்களின் அடியில் ஓட்டை போட்டார்கள். செம்மண்ணும் மணலும் தொழுஉரமும் கலந்தார்கள். இருபது நாளில் முப்பத்தொன்றும் பிடித்துக்கொண்டன. ஒன்றுகூடச் சாகவில்லை என்பதை அவள் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். கேட்டு எடுத்திருந்தால் மரம் குச்சியை மட்டும் கொடுத்திருக்கும். திருடி எடுத்ததால் நிழலும் கூடவே வந்துவிட்டது.

மாசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை வகுப்பைத் திறந்தபோது உள்ளே முப்பத்தொரு மரங்களின் நிழல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. பதினொரு மணிக்கு டியூப்லைட் போட வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் ஆத்மநாதன் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஊரிலோ முப்பத்தொரு வீட்டு வாசலில் மரங்கள் இலையோடும் பூவோடும் நின்றன, கீழே வெயில் அப்படியே தரையில் விழுந்தது. ஆடுகள் கட்டிய இடத்தில் நாக்கைத் தொங்கப் போட்டன. காக்கைகள் கிளையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்பதுபோல் எழுந்து போயின. கடலை காயப்போட இடம் கிடைத்ததென்று நான்கைந்து பேர் மட்டும் பேசாமல் இருந்தார்கள். மற்றவர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள்.

முதலில் வனிதா என்ற பிள்ளையின் அம்மா வந்து, செம்பருத்திக் குச்சியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். சிவரஞ்சனி எடுத்துக் கொடுத்தாள். தாய்ச்செடியின் காலடியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் விடிந்தபோது செம்பருத்தி தன் நிழலைப் போட்டுக்கொண்டு நின்றது. அதன்பிறகு ஒவ்வொரு வீடாக வந்தார்கள், அவளும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பிராங்க்ளின் என்ற பையனின் அப்பா மட்டும், டீச்சரிடம் போய் எதற்குக் கை நீட்டவேண்டும் என்று, சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு முருங்கைக் குச்சியை எடுத்து ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் திருடிய குச்சிக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அந்த முருங்கையின் நிழல் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில், மரமே இல்லாத பஸ் ஸ்டாப்பில், தார்ரோட்டின் மேல் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. ஆலங்குடி பஸ்கள் இன்றைக்கும் அந்த நிழலுக்குள்தான் நிறுத்துகின்றன. வைத்திருப்பவர் கையால் எடுத்து, முழு மனதோடு கொடுத்தால்தான் நிழல் திரும்பும் என்பது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. மாசி முடிவதற்குள் இருபத்தொன்பது குச்சிகள் வீடு திரும்பின. ஒன்று ரோட்டில். மிச்சமிருந்தது கலைமதியின் கல்யாண முருங்கை. அதைக் கேட்டு மட்டும் அதுவரை யாரும் வரவில்லை.

கலைமதிக்குப் பதினான்கு வயது. அப்பா சேவுகன் குவைத்தில் இருந்தார். கடைசியாகப் போன் வந்து இரண்டு வருஷமாகிறது. அம்மா இல்லை. அப்பாவின் அக்கா உண்ணாமலை தன் வீட்டைப் பூட்டிவிட்டு இவர்கள் வீட்டுக்கே வந்திருந்து பிள்ளையை வளர்த்தாள். உண்ணாமலையின் மகன் வசந்த் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தான். ஒரு மாத லீவில் பங்குனி பிறந்ததும் வந்து இறங்கினான். அவன் வந்த நான்காம் நாள் கலைமதி பள்ளிக்கு வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானம் சுவரில் இருந்த மரத்தின் கீழே நாலைந்து பேரின் நிழல் வந்து வட்டமாக உட்கார்ந்தது. நடுவில் ஒரு தட்டு, அதில் தேங்காயின் நிழல், வெற்றிலையின் நிழல். பூ வைக்கிறார்கள் என்று இரண்டாவது பெஞ்சில் காவ்யா மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அக்காவுக்கும் அப்படித்தான் வைத்தார்களாம். சிவரஞ்சனி சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள். அதுவரை அவளுக்கு அந்த நிழல் பாடத்துக்கு இடைஞ்சலான ஒன்று, அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அதைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு அவள் போன் செய்தாள். ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். உண்ணாமலை வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள். கல்யாணமா, யார் சொன்னது, பிள்ளைக்கு அம்மை என்றாள். கலைமதியும் தலையைக் குனிந்துகொண்டு அம்மைதான் என்றாள். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. போன் செய்தது யார் என்று ஊருக்கு அன்று சாயந்திரமே தெரிந்துபோனது. வந்தவர்களிடம் சுவரைக் காட்டியிருக்கலாமே என்று பின்னால் காவ்யா கேட்டாள். சிவரஞ்சனி காட்டத்தான் செய்தாள். நல்ல நிழல், பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்று சொன்னார்கள்.

கல்யாணத்தை நிறுத்தியது ஜீப் அல்ல. சேவுகன் வீட்டுப் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முகூர்த்தக்காலைப் பெண் வீட்டு வாசலில் நிற்கும் கல்யாண முருங்கையில்தான் வெட்ட வேண்டும், அதுவும் காலை வெயிலில் மரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக் கிளையைத்தான் வெட்ட வேண்டும். கால் இல்லாமல் பந்தல் இல்லை, பந்தல் இல்லாமல் தாலி இல்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு கல்யாணத்தில் அவசரத்துக்கு மாமரக் கிளையை வெட்டி நட்டார்கள். அந்த மாப்பிள்ளை ஏழாம் நாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார், இன்னும் இறங்கவில்லை. கண்டக்டர்கள் மாறினார்கள், பஸ்ஸின் நிறம் மாறியது, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை இப்போதும் சிலர் பார்க்கிறார்கள். அதனால் மூத்த பங்காளி கருப்பன், நிழலில்லாத மரத்தை நான் தொட மாட்டேன் என்றார். வசந்தின் லீவு பங்குனி கடைசி சனிக்கிழமையோடு முடிகிறது. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, கடைசி முகூர்த்தம்.

ஆள் அனுப்பிக் கேட்டும் சிவரஞ்சனி குச்சியைக் கொடுக்காததால், உண்ணாமலை பந்தல்காரரிடமிருந்து ஹாலஜன் விளக்கு வாங்கி வந்து மரத்தின் ஒரு பக்கம் வைத்து எரியவிட்டுப் பார்த்தாள். சுவருக்கு வெளிச்சம் போனது, நிழல் விழவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை கருப்பனை வற்புறுத்தி மரத்தடிக்குக் கூட்டிவந்தாள். அதை எட்டாம் வகுப்பு முழுக்கப் பார்த்தது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சுவரில் கலைமதியின் நிழல் உட்கார்ந்திருக்க, அதன் பின்னால் ஓர் ஆளின் நிழல் கையில் அரிவாளோடு வந்து நின்றது. நிழலில் முன் எது பின் எது என்று தெரியவில்லை. அரிவாள் உயர்ந்தபோது அது பிள்ளையின் தலைக்கு மேல் உயர்வது போலவே இருந்தது. பிராங்க்ளின் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினான். சிவரஞ்சனி சுவரருகே ஓடி, இரண்டு உள்ளங்கைகளையும் அந்த அரிவாளின் நிழலின்மேல் வைத்து அழுத்தினாள். சுவர் ஜில்லென்று இருந்தது. நிழல் அவள் கைக்கு மேலேயே விழுந்தது, அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஆளின் நிழல் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்று, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றது, பிறகு அரிவாளை இறக்கிக்கொண்டு போய்விட்டது. கலைமதியின் நிழல் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அது நோட்டின் பக்கத்தைப் புரட்டியது. சிவரஞ்சனி கையை எடுத்தபோது உள்ளங்கை இரண்டிலும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மீதிக் கணக்கை அவளால் அன்று போட முடியவில்லை.

அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும் வழியைத் தானே கண்டுபிடித்திருந்தது. குச்சி பள்ளியில் இருக்கும்வரை தன் நிழல் பள்ளியில் விழும் என்று தெரிந்து, தினமும் சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடியில் வந்து உட்கார்ந்தது. வாசலைத் தாண்டாதவரை அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவரஞ்சனி கோடு போடுவதை முதலில் எதிர்த்தவர் ஆத்மநாதன்.

"டீச்சர், இது நோட்டோட போறதில்ல. போன்ல ஏத்துறோம். நேரா மேல போகுது. நாளைக்கு வந்து பிள்ளை எங்கேன்னா சுவத்தையா காட்டுவீங்க?"

"காட்டுறேன் சார்."

"போன்ல வந்துச்சு, வரலை, ரெண்டுதான் இருக்கு. நிழல் வந்துச்சுன்னு ஒரு பட்டன் இல்ல."

"அப்ப வந்துச்சுன்னே போடுங்க சார். பேரு கூப்பிட்டா கை தூக்குதே."

ஆத்மநாதன் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வந்துச்சு என்றே போட்டார்.

சிவரஞ்சனிக்கு அந்த நாட்களில் தூக்கம் குறைந்தது. அவள் நிரந்தர ஆசிரியை அல்ல. பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொரு வருஷமும் தீர்மானம் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. குழுவின் தலைவி உண்ணாமலை. ஆனால் அவளை அரித்தது அது மட்டுமல்ல. பதினெட்டு முடிந்த பதினோராம் நாள் அவளை அறந்தாங்கிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே நட்ட முகூர்த்தக்கால் பதினைந்தாம் நாள் துளிர்விட்டது. மாமியார் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். கால் தழைத்த வீட்டில் குறையே இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் என்ன சொன்னாலும் எல்லோரும் அந்த மரத்தைக் காட்டினார்கள். கன்னத்தில் வீக்கத்தோடு அம்மா வீட்டுக்குப் போனபோது, மரமே தழைச்சு நிக்கிதே, ஒனக்கு என்னடி கொறை என்று அம்மா கேட்டாள். அவள் கிளம்பி வந்த அன்றைக்கு மரம் ஓட்டுக்கூரையைத் தாண்டி வளர்ந்து, கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூத்திருந்தது. இப்போதும் பூக்கிறது என்று கேள்வி. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, அவள் தன்னைத்தானே ஒரே கேள்வியைக் கேட்டாள். இந்தப் பிள்ளைக்காகத்தானா, அல்லது அந்த மரத்தின் மேல் இருக்கும் கோபத்தை இந்தக் குச்சியை வைத்துத் தீர்த்துக்கொள்கிறேனா? கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருந்தது. அது இன்னும் மோசமானது. நிழல் இங்கே இருப்பதால் பிள்ளை அங்கே வெயிலில் அல்லவா இருக்கிறது. ஒன்பது நாற்பதிலிருந்து நான்கு பத்துவரை, பங்குனி வெயிலில், நிழலில்லாத மரத்தடியில். தான் குச்சியை வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தலையில் வெயிலாக இறங்குகிறது என்று தெரிந்தும், குளிர்ந்த வகுப்பில் நின்று பாடம் நடத்த அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் பிள்ளைகள் விளையாடப் போயிருந்தபோது அவள் சுவரிடம் கேட்டுவிட்டாள்.

"கலைமதி, குச்சியைக் குடுத்துடட்டுமா? இந்த வெயில்ல கெடக்கிறியே."

நிழல் தலையாட்டினால் தெரியாது. அது எழுந்து நின்றது. மெல்ல நடந்து போய் அடிமரத்தின் நிழலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டது. முள்மரம் அது, குத்தியிருக்கும். எவ்வளவு நேரம் நின்றது என்று சிவரஞ்சனி பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது.

மறுநாள் சுவரில் ஒரு குடை வந்தது. முதலில் நெட்டையான ஓர் ஆளின் நிழல் தயங்கித் தயங்கி மரத்தடிக்கு வந்து, பெரிய குடையொன்றை விரித்துப் பிள்ளையின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏதோ சொல்ல நினைத்ததுபோல் நின்று, போய்விட்டது. வெளிநாட்டுக் குடை. அதன் நிழல் மூன்று பெஞ்சை மூடியது.

"வசந்த் மாமா சிங்கப்பூர்லேர்ந்து மாப்பிள்ளையா வந்தாரா, கொடைக்காரரா வந்தாரா டீச்சர்?" என்று பிராங்க்ளின் கேட்டான். வகுப்பு சிரித்தது. குடையின் நிழலும் லேசாகக் குலுங்கியது.

கடைசி வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் மைதானத்தில் இருந்தபோது, உண்ணாமலை வந்தாள். முக்கால் கிலோமீட்டர் செருப்போடு நடந்தும் கால் சுட்டிருந்தது. பின்னால் ஆத்மநாதன் வந்து கதவோரம் நின்றார். உண்ணாமலை நாற்பத்தெட்டு வயதுக்கு மிஞ்சித் தளர்ந்திருந்தாள். வந்தவள் சண்டை போடத்தான் வந்தாள். ஆனால் முதல் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்த நிழல் அவள் தலையில் இறங்கியது. ஒன்றரை மாதமாக அவள் அதில் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க மரந்தான்" என்றாள். "என் தம்பி வச்சது. அவன் ஏர்போட்டுக்குக் கெளம்பயில இடுப்பளவுதான் இருந்துச்சு." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, குரலை மாற்றினாள். "நாளைக்கு முகூர்த்தம் டீச்சர். சனிக்கெழம மீட்டிங்கு. அடுத்த வருசத் தீர்மானம் அன்னைக்குத்தான். நான் சொல்லணுமா ஒங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டுந்தான் உக்காந்திருக்கீங்க." உண்ணாமலை சுற்றிலும் பார்த்தாள், சுவரின் அடியில் குடையின் நிழலையும் அதற்குள் குனிந்து எழுதும் தலையையும் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்ததில்லை. "இதுவா? இப்புடியா தெரியுது?" என்றாள். "அவனே கொடைய விரிச்சுக் குடுத்துட்டு வந்து நிக்கிறான், வெக்கங்கெட்ட பய. கல்யாணம் பண்ணிக்கடான்னா, அது எழுதுதும்மாங்கிறான்."

"நல்லா எழுதுவா" என்றாள் சிவரஞ்சனி.

"எழுதட்டும். யாரு வேணாம்னது? தாலிய கட்டிட்டு அவன் போயிருவான். அது பாட்டுக்கு எழுதட்டும். எனக்கு நெஞ்சு வலி ரெண்டு தடவ வந்துருச்சு தாயி. தஞ்சாவூரு ஆஸ்பத்திரில, மூணாவது வந்தா சொல்ல முடியாதுன்னுட்டான். அப்பன் இருக்கானா செத்தானான்னு தெரியல. பொம்பளப் புள்ளைய யாரு கையில குடுத்துட்டுக் கண்ண மூடுறது? என் மகன் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். இதவிட ஒருத்தன நீங்க கொண்டாருவீங்களா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க குச்சியா வந்து நிக்கும்?"

இந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை என்பது சிவரஞ்சனிக்குத் தெரிந்தது. அது பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். தன் மாமியாரைப் போல இவளும் மரத்தைக் காட்டி வாயை மூடுகிறவளாக இருந்திருந்தால் இப்போது கோபம் வந்திருக்கும், கோபத்தில் எதையும் சொல்லிவிடலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவள் பயந்துபோன ஒரு பெண், அவ்வளவுதான். பயத்தைத் தூக்கிப் பதினான்கு வயதுத் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாக நினைக்கிறாள். தானும் பயத்தில்தான் இந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று சிவரஞ்சனிக்குத் தோன்றியது. இரண்டு பயங்களில் எது சரியானது என்று சொல்ல யாரும் இல்லை. தீர்மானம் போடுவார்கள், அடுத்த வருஷம் வேலை இருக்காது, வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இந்த அத்தை நாளையே விழுந்து செத்துப்போகலாம், அந்தப் பழியும் தன் மேல்தான் வரும். இதெல்லாம் நடக்கக் கூடியவை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பிறகும் சுவரில் அந்தத் தலை குனிந்தபடியே இருந்தது. எழுதும் கை நின்றிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறது.

"ஒரு சாண் குச்சி டீச்சர்" என்றார் ஆத்மநாதன் கதவோரத்திலிருந்து. "ஊர்ல இருபத்தொம்பது வீட்டுக்கு எடுத்துக் குடுத்தீங்க. இவங்களுக்கு மட்டும் மனசு வரலைன்னா எப்புடி?"

உண்ணாமலை எழுந்தாள். ஜன்னல் திட்டின் மேல் இருந்த பாட்டிலை அவள் தொடவில்லை. பிராங்க்ளின் வீட்டு முருங்கை நிழல் ரோட்டில் கிடப்பது அவளுக்கும் தெரியும். இரண்டு கைகளையும் சேர்த்து, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல் நீட்டினாள். உள்ளங்கைகள் வெயிலில் சிவந்திருந்தன.

"குடுங்க தாயி. ஒங்க கையால குடுங்க."

சிவரஞ்சனி மேஜைக்குப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அந்தக் கைகளில் வைத்தாள்.

"குடிங்கக்கா" என்றாள். "வெயிலு தாழ இருந்துட்டுப் போங்க. குச்சிய நான் தர மாட்டேன்."